செஸ் ஆடுறப்ப ஓவரா யோசிச்சு மாட்டிக்கிறதும் மனசு விட்டுப் போறதும்: அறிகுறி பாத்து சரி பண்ற வழி

குன்னூர்ல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பசங்களும் பெரியவங்களும் சேந்து ஆடுற எடத்துல வருஷக்கணக்கா எங்கிட்ட வர்ற கம்ப்ளைண்ட் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு. "யோசிக்க யோசிக்க தப்பு ஜாஸ்தி ஆகுதுங்க", "எனக்கு இந்த கேம் செட் ஆகல போல", "மூளை அவ்ளோதான் எனக்கு". இப்படி சொல்லிட்டு வர்றவங்களோட ஸ்கோர்ஷீட்டை வாங்கிப் பாத்தா பாதிக்கு மேல மூளைக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது, க்ளாக்ல பிரச்சனை இருக்கும், இல்ல வயித்துல, தூக்கத்துல, இல்லாட்டி ஒரு சின்ன எண்ட்கேம் (காய் கொறஞ்சப்புறம் வர்ற கடைசிக் கட்டம்) தெரியாம இருந்திருக்கும். அதை விட்டுட்டு நேரா "எனக்குத் திறமை இல்ல"ன்னு முடிவுக்குப் போறதுதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு, ஏன்னா அப்படி சொல்லிட்டு நின்னுபோன நல்ல பசங்க நிறைய பேரு.

அதனால இதை அறிகுறி வாரியா எழுதிருக்கேன். உங்களுக்கு எது பொருந்துதோ அந்தத் தலைப்புக்கு நேரா போங்க. ஒவ்வொண்ணுலயும் செலவில்லாத காரணம் மேல இருக்கு, காசும் நாளும் கேக்குற காரணம் கீழ இருக்கு. மேல இருக்கறதை செக் பண்ணாம கீழ போகாதீங்க.

முதல்ல ஒரு ஏற்பாடு: க்ளாக் டைம் எழுதற பழக்கம்

5 மூவுக்கு ஒருக்கா உங்க க்ளாக்ல மிச்சம் எவ்ளோன்னு மூவ் பக்கத்துலயே சின்னதா எழுதுங்க. ஸ்கோர்ஷீட்ல க்ளாக் டைம் எழுதறதுக்கு ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரூல்லயே அனுமதி இருக்கு, ஆர்பிட்டர், அதாவது போட்டி நடுவர், ஒண்ணும் சொல்லமாட்டார். ரேபிட்ல (கம்மி டைம்ல ஆடுற வேக ஆட்டம்) மூவ் எழுதணும்னு கட்டாயம் இல்ல, ஆனா எழுதக்கூடாதுன்னும் இல்ல, முதல் 15, 20 மூவ் வரைக்குமாவது எழுதுங்க. இந்த நம்பர் இல்லாம கீழ சொல்ற எதையும் செக் பண்ண முடியாது, "நிறைய நேரம் யோசிச்சேன்"ங்கறது ஞாபகத்துல இருக்கறதுக்கும் நிஜமா நடந்ததுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கும்.

அறிகுறி 1: பாதி ஆட்டத்துக்கு முன்னாடியே டைம் தீந்துடுது

*காரணம் அ: ஒரு மூவுக்கு எவ்ளோ நேரம்னு கணக்கே போடல.* இப்பவே போடலாம். 90 நிமிஷம் ப்ளஸ் மூவுக்கு 30 செகண்ட்னா 40 மூவுக்கு மொத்தம் 110 நிமிஷம், மூவுக்கு 2 நிமிஷம் 45 செகண்ட் வருது. 15 நிமிஷம் ப்ளஸ் 10 செகண்ட்னா 40 மூவுக்கு 21 நிமிஷம் 40 செகண்ட், அதாவது மூவுக்கு சுமாரா 32 செகண்ட். ரேபிட்ல ஒரே மூவுக்கு 4 நிமிஷம் உக்காந்தீங்கன்னா 7 மூவோட டைமை சாப்டாச்சு. இந்த ஒரு கணக்கைச் சொன்னதும் சரியானவங்க எங்க எடத்துலயே இருக்காங்க.

*காரணம் ஆ: ஓப்பனிங்ல டைம் போகுது.* ஸ்கோர்ஷீட்ல 10ஆவது மூவுக்கு நேரா பாருங்க, மொத்த டைம்ல கால்வாசிக்கு மேல போயிருந்தா இதான். இங்க ரெண்டு வகை இருக்கு. தெரிஞ்ச ஓப்பனிங்லயே "சரியாத்தான் ஆடுறோமா"ன்னு சந்தேகப்பட்டு உக்காந்திருந்தா, வீட்ல அந்த லைனை போர்டுல வெச்சு கையால பத்து தடவை ஆடிப் பாருங்க, மொபைல்ல பாக்குறது பத்தாது. ஒவ்வொரு டோர்னமென்ட்டுக்கும் புது ஓப்பனிங் யூட்யூப்ல பாத்துட்டு வர்றவரா இருந்தா அதை நிறுத்துங்க, வெள்ளைக்கு ஒண்ணு, கறுப்புக்கு ரெண்டு, ஒரு வருஷத்துக்கு அதையே ஆடுங்க.

*காரணம் இ: முதல் ரவுண்ட்ல மட்டும் இப்படி ஆகுது.* மலையில இருக்கறவங்க இதைக் கண்டிப்பா செக் பண்ணணும். கோயமுத்தூர் டோர்னமென்ட்டுக்கு காலைல இருட்டுல பஸ் ஏறி பர்லியாறு வளைவெல்லாம் சுத்தி இறங்கி, வயித்தைப் பிரட்டிட்டு, ஒண்ணும் சாப்பிடாம நேரா போர்டுக்கு வந்து உக்காந்தா தலை வேலை செய்யவே செய்யாது. உங்க பழைய ரிசல்ட்டை எடுத்து ரவுண்ட் வாரியா பாருங்க. முதல் ரவுண்ட்ல மட்டும் தோல்வி குவிஞ்சிருந்தா மனசுல ஒண்ணும் கோளாறு இல்ல, முந்தின நாளே இறங்கி மேட்டுப்பாளையத்துலயோ கோவையிலயோ சொந்தக்காரங்க வீட்ல தங்குங்க. முடியாட்டி ஒரு பஸ் முன்னாடி புடிங்க, முன் சீட்ல உக்காருங்க, கிளம்புறப்ப ரெண்டு இட்லியாவது உள்ள போகணும், இறங்கி அரைமணி நேரம் நடந்துட்டு அப்புறம் ஹாலுக்குள்ள போங்க. மழைக்காலத்துல மண்ணு சரிஞ்சா ரோடு அடைச்சிடுவாங்க, மே மாச சீசன்ல கோத்தகிரி வழியா சுத்தி இறங்க வேண்டி வரும், இதெல்லாம் முன்னாடியே விசாரிச்சிட்டா வழி பூரா டென்ஷன் இருக்காது.

*காரணம் ஈ:* மேல மூணும் இல்லாம நடு ஆட்டத்துல ஒரு ரெண்டு மூவுல மட்டும் டைம் மொத்தமா கரையுதுன்னா, அடுத்த அறிகுறிக்கு வாங்க.

அறிகுறி 2: ரெண்டு மூவுக்கு நடுவுல செக்குமாடு மாதிரி சுத்துறது

எல்லாத்துலயும் ஜாஸ்தி நான் பாக்குறது இதைத்தான். இந்த மூவை யோசிப்பாங்க, அஞ்சு மூவ் தள்ளி ஒரு சந்தேகம் வரும், விட்டுட்டு அந்த மூவை யோசிப்பாங்க, அங்கயும் ஒரு சந்தேகம், திரும்ப முதல் மூவுக்கே வருவாங்க, ஏற்கனவே பாத்ததையே முதல்ல இருந்து பாப்பாங்க, க்ளாக் ஓடும், கடைசில பதட்டத்துல ரெண்டும் இல்லாம மூணாவதா ஒரு மூவை யோசிக்காமலே ஆடிடுவாங்க. அது பிளண்டரா, அதாவது ஆட்டத்தையே கெடுக்கற பெரிய தப்பா இருக்கும். சோவியத் கிராண்ட்மாஸ்டர் அலெக்ஸாண்டர் கோடோவ் இதை அப்படியே விவரிச்சிருக்கார், அதனால செஸ் உலகத்துல இதுக்கு கோடோவ் சிண்ட்ரோம்னே பேரு. கிராண்ட்மாஸ்டர் லெவல்ல ஆடுறவங்களுக்கும் வர்றதுதான் இது, உங்களுக்கு மட்டும் இருக்கற கோளாறு கிடையாது.

*செக் பண்றது எப்படி:* ஆட்டம் முடிஞ்சு வீட்டுக்கு வந்து, ஸ்கோர்ஷீட்ல டைம் ஜாஸ்தி போன மூவை வட்டம் போடுங்க. அந்த பொசிஷன்ல நீங்க யோசிச்ச ரெண்டு மூவையும் இஞ்சின்ல (மூவுக்கு மார்க் போடுற செஸ் புரோகிராம்) போட்டு வித்தியாசத்தைப் பாருங்க. இங்கருந்து மூணு கிளை பிரியுது.

*வித்தியாசம் கால் பானுக்கும் (பான்னா சிப்பாய், இஞ்சின் அந்தக் கணக்குலதான் மார்க் போடும்) கம்மின்னா:* ரெண்டு மூவுமே சரி. நீங்க உக்காந்திருந்த 12 நிமிஷமும் ஒரு பிரயோஜனமும் இல்லாத நிமிஷம். இந்த வகைதான் அதிகம். இதுக்கு ஒரு கட்டுப்பாடு வெச்சுக்கோங்க: ஒரு மூவை ஒரு தடவைதான் பாக்கணும், ரெண்டும் பாத்து முடிச்சப்புறம் எது பரவால்லன்னு தெரியலைன்னா முதல்ல மனசுல வந்ததையே ஆடுறது. முதல்ல கஷ்டமா இருக்கும், "தப்பா போயிட்டா"ன்னு தோணும், தப்பா போனாலும் கால் பான்தான் போகும்னு இஞ்சின்ல பாத்த ஞாபகம் இருந்தா கை தானா வரும். அதனாலதான் இந்த செக்கை வீட்ல பத்து ஆட்டத்துக்காவது பண்ணச் சொல்றேன்.

*வித்தியாசம் பெருசு, ஒரு மூவ்ல காய் போகுது, அது உங்க கண்ணுல படவே இல்லைன்னா:* கணக்குப் போடுறப்ப படம் தலைக்குள்ள கலையுதுன்னு அர்த்தம். அஞ்சாவது மூவ்ல குதிரை எங்க நிக்குதுன்னு மறந்துபோறதாலதான் திரும்பத் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கிறீங்க. இதுக்கு மருந்து பஸில், ஆனா மொபைல்ல காயைத் தள்ளிப் பாக்குற பஸில் இல்ல. போர்டுல ரெண்டு மூவ் மேட் பொசிஷனை அடுக்கி, காயைத் தொடாம, பதிலை நோட்ல முழுசா எழுதி முடிச்சப்புறம்தான் காயை நகர்த்தணும். ஒரு நாளைக்கு 20 நிமிஷம் போதும். ரெண்டு மாசத்துல வித்தியாசம் தெரியும்.

*யோசிச்ச ரெண்டு மூவுக்குமே பொசிஷனோட சம்பந்தம் இல்லைன்னா:* உங்களுக்கு அங்க என்ன வேணும்னே தெரியல, பிளான் இல்ல. இந்த மாதிரி நேரத்துல மூவைத் தேடாதீங்க, காயைத் தேடுங்க. என் காய்ல சும்மா நிக்கிறது எது, அதை எங்க கொண்டுபோய் நிறுத்தலாம்? இந்த ஒரு கேள்வியில அமைதியான பொசிஷன் முக்காவாசிக்கு வழி கிடைச்சிடும்.

மூணாவதா ஒரு மூவை அவசரத்துல ஆடுற பழக்கத்துக்கு தனியா ஒண்ணு சொல்லணும். பழைய ஆளுங்க "மூவை முதல்ல எழுது, அப்புறம் ஆடு"ன்னு சொல்லுவாங்க, நல்ல நோக்கம்தான், ஆனா இப்ப ஃபிடே ரூல்படி முன்கூட்டி எழுதக்கூடாது, டிரா க்ளெய்ம் பண்றப்ப மாதிரி விதிவிலக்கு தவிர. ஆர்பிட்டர் வார்னிங் குடுப்பார். அதுக்குப் பதிலா ரெண்டு கையையும் ஸ்வெட்டர் பாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கோங்க, ஆட முடிவு பண்ணினப்புறம் எதிராளி பக்கம் இருந்து மூணே கேள்வி: அவனுக்கு செக் இருக்கா, வெட்டு இருக்கா, மிரட்டல் இருக்கா. மூணுக்கும் பதில் வந்தப்புறம் கையை வெளிய எடுங்க. எங்க ஊர் குளிருக்கு பசங்க கை தானாவே பாக்கெட்டுக்குள்ளதான் இருக்கும், அதனால இங்க இந்தப் பழக்கம் சீக்கிரம் வந்துடுது.

அறிகுறி 3: ஜெயிக்கிற பொசிஷன் வந்ததும் கை நடுங்குது

எல்லாரும் இதை பயம்னு சொல்றாங்க. நான் முதல்ல கேக்குறது வேற: அந்த எண்ட்கேமை முடிக்கத் தெரியுமா?

வீட்ல மொபைல்ல கம்ப்யூட்டருக்கு எதிரா ராஜாவும் ரூக்கும் (யானை) வெச்சு தனி ராஜாவை மேட் பண்ணிப் பாருங்க, ரெண்டு நிமிஷத்துக்குள்ள. அப்புறம் ஒரு பான் ஜாஸ்தி இருக்கற ராஜா பான் எண்ட்கேம், அதுல ராஜாவுக்கு நேரா ராஜா நிக்கிற ஆப்போசிஷன் தெரியுதான்னு பாருங்க. இதுல தடுமாறுனீங்கன்னா நடுக்கத்துக்குக் காரணம் இதுதான், எப்படி முடிக்கிறதுன்னு தெரியாத ஒருத்தனுக்கு நடுக்கம் வர்றது நியாயம்தானே. 50 மூவ் ரூல் வேற இருக்கு, பான் நகராம, வெட்டு விழாம ரெண்டு பக்கமும் 50 மூவ் போயிட்டா எதிராளி டிரா கேக்கலாம், அந்த பயமும் சேந்துக்கும். ஒரு மாசம் எண்ட்கேம் மட்டும் போடுங்க, "பயம்" பாதி கொறஞ்சிடும்.

இதெல்லாம் நல்லா தெரிஞ்சும் நடுங்குதுன்னா, அநேகமா மனசு பிரைஸ் லிஸ்ட்டுக்கோ ரேட்டிங்குக்கோ போயிடுச்சு. அப்ப அழகான மூவ் தேடாதீங்க. காய் ஜாஸ்தி இருந்தா காயைக் காய்க்கு மாத்துங்க, பான்களை மாத்தாதீங்க. ஒவ்வொரு மூவுக்கும் எதிராளி என்ன பண்ணப் பாக்குறான்னு முதல்ல கேளுங்க. மெதுவா ஜெயிச்சாலும் ஒரு பாயின்ட்தான்.

அறிகுறி 4: ஒரு பிளண்டர் ஆனா அதோட சரிவு, அடுத்தடுத்து தப்பு

முதல்ல ஒரு விஷயம் மனசுல பதியணும், உச்சத்துல இருந்தவங்களுக்கும் இது நடந்திருக்கு. 2006 நவம்பர்ல ஜெர்மனி பான் நகரத்துல நடந்த மேட்ச்ல, அப்ப உலக சாம்பியனா இருந்த க்ராம்னிக் டீப் ஃபிரிட்ஸ் கம்ப்யூட்டருக்கு எதிரா ஒரே மூவ்ல வர்ற மேட்டைப் பாக்காம விட்டார். 2014ல சோச்சியில நடந்த உலக சாம்பியன்ஷிப்போட 6ஆவது ஆட்டம் இன்னும் நல்ல பாடம்: கார்ல்சன் ராஜாவைத் தப்பான கட்டத்துக்கு நகர்த்தினார், ஆனந்த் குதிரையால ஒரு பானை வெட்டி ஆட்டத்தையே திருப்பியிருக்கலாம், அவரோ தன் பிளான்லயே மூழ்கி சட்டுனு ஒரு பான் மூவ் ஆடிட்டார், அந்த ஆட்டமும் போச்சு. எதிராளி ஆடின மூவை "இது எனக்கு என்ன குடுக்குது"ன்னு பாக்கத் தவறுனதுதான் அங்க நடந்தது.

*முதல் செக்: நிஜமாவே தோத்தாச்சா?* பசங்க ஒரு பான் போனதும் முகத்தை தொங்கப் போட்டுட்டு வேகவேகமா ஆடுவாங்க. பிளண்டர் ஆன பொசிஷன்ல இருந்து ஸ்கோர்ஷீட் டைமைப் பாருங்க. அதுக்கப்புறம் ஒவ்வொரு மூவும் சராசரியை விட வேகமா ஆடியிருந்தா, உங்களைத் தோக்கடிச்சது முதல் பிளண்டர் இல்ல, அதுக்கப்புறம் வந்த அவசரம். ஒரு பான் போனதால கிளப் லெவல்ல யாரும் தானா தோக்கறதில்ல, எதிராளியும் தப்பு பண்ணுவார், அதுக்கு நீங்க அங்க உக்காந்திருக்கணும்.

*ஆட்டத்துக்கு நடுவுல செய்ய வேண்டியது:* எதிராளி யோசிக்கிறப்ப எழுந்து போய் தண்ணி குடிங்க, மூஞ்சி கழுவுங்க. உங்க க்ளாக் ஓடிட்டு இருக்கறப்ப எழுந்து வெளிய போறதுக்கு ஆர்பிட்டர் அனுமதி வேணும், அதனால எதிராளி டைம்ல போறதுதான் நல்லது. திரும்பி வந்து போர்டை, யாரோ வேற ஆள் பாதியில விட்டுட்டுப் போன ஆட்டத்தை நீங்க எடுத்து ஆடுற மாதிரி பாருங்க. அந்த ஆள் ஏன் அப்படி ஆடினான்ங்கறது உங்க கேள்வி இல்ல, இப்ப இருக்கறதுல எது நல்ல மூவ்ங்கறது மட்டும்தான் கேள்வி.

*ஒரு ஆட்டத்தோட நிக்காம அடுத்த ரவுண்டுக்கும் தொடருதுன்னா:* ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவுல இஞ்சினைத் திறக்காதீங்க, இது என் உறுதியான அபிப்பிராயம். எந்த மூவ்ல எவ்ளோ மைனஸ்னு பாத்துட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போய் உக்காந்தவங்க யாரும் நல்லா ஆடி நான் பாத்ததில்ல. ஸ்கோர்ஷீட்டை மடிச்சு பையில போடுங்க, வெளிய போய் ஒரு டீயும் வர்க்கியும் சாப்பிடுங்க, பேரிங் (அடுத்த ரவுண்ட்ல யாருக்கு யாருங்கற லிஸ்ட்) போட்டப்புறம் வந்தா போதும்.

அப்பா அம்மாவுக்கு இங்க ஒரு வேண்டுகோள். ஹாலை விட்டு வெளிய வர்ற குழந்தைகிட்ட "ரிசல்ட் என்னாச்சு, ஏன் அந்த மூவ் வெச்ச"ன்னு வாசல்லயே கேக்காதீங்க. "வா கண்ணு, சாப்பிட்டுட்டு பேசலாம்". அவ்ளோதான் சொல்லணும். முகத்தைப் பாத்தாலே ரிசல்ட் தெரியுமே, அப்புறம் எதுக்குக் கேக்கணும். பத்து வயசுக் குழந்தை ஒரு ஆட்டம் தோத்துட்டு அழறது பிரச்சனையே இல்ல, அழுதுட்டு போயிடும். அப்பா முகம் மாறினதைப் பாத்து அழற குழந்தைக்குத்தான் அடுத்த ரவுண்டும் போகுது.

அறிகுறி 5: ராத்திரி ஆன்லைன்ல தோத்துத் தோத்து விட்டதைப் புடிக்கப் பாக்குறது

மொபைல்ல உங்க ஆட்டங்களோட ஹிஸ்டரி இருக்கும், நேரத்தோட இருக்கும். ராத்திரி 10 மணிக்கு மேல ஆடினதை மட்டும் தனியா எண்ணிப் பாருங்க. பகல்ல ஆடினதோட ஒப்பிட்டா பெரும்பாலானவங்களுக்கு அங்கயே பதில் கிடைச்சிடும்.

சரி பண்றதும் சுலபம், செய்யத்தான் மனசு வேணும். வரிசையா ரெண்டு தோத்தா அன்னிக்கு ஆன்லைன் முடிஞ்சது. 3 நிமிஷ பிளிட்ஸை விட்டுட்டு 10 நிமிஷம் ப்ளஸ் 5 செகண்ட் ஆடுங்க. மழை நாள்ல கரெண்டும் டவரும் போய்ப் போய் வர்றப்ப ரேட்டட் ஆட்டமே வேண்டாம், நெட் கட்டாகி தோக்கறதுல வர்ற எரிச்சல்லதான் பாதி பேரு அடுத்த அஞ்சு ஆட்டத்தை விடுறாங்க. ரெண்டோட நிறுத்த முடியலன்னா ஆப்பை டிலீட் பண்ணுங்க, வாரக்கடைசில மட்டும் திரும்பப் போடுங்க. அதுவும் முடியல, பள்ளிக்கூடம் வேலை எல்லாம் அடி வாங்குதுன்னா கடைசித் தலைப்புக்குப் போங்க.

அறிகுறி 6: படுத்தா ஆட்டம் தலைக்குள்ள ஓடிட்டே இருக்கு

டோர்னமென்ட் நாள் ராத்திரி மட்டும்னா சகஜம். சாயங்காலம் 5 மணிக்கு மேல டீ காபி குடிச்சீங்களான்னு பாருங்க, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல இருக்கற நாம டீயைக் கணக்குலயே சேக்குறதில்ல. அப்புறம் படுக்கறதுக்கு முன்னாடி உறுத்துற பொசிஷனை நோட்ல வரைஞ்சு, கீழ ஒரே ஒரு கேள்வி எழுதுங்க, "இங்க ரூக்கை வெட்டியிருந்தா?"ன்னு. நாளைக்கு காலைல பாக்கலாம்னு நோட்டை மூடுங்க. எழுதி வெச்சுட்டா தலை அதை விட்டுடுது, நிறைய பேருக்கு இது உதவியிருக்கு. டோர்னமென்ட் முடிஞ்சும் ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் கெடுதுன்னா அது செஸ் பிரச்சனை மட்டும் இல்ல, கடைசித் தலைப்பு.

அறிகுறி 7: ரேட்டிங் இறங்கிடுச்சு, சின்னப் பையன்கிட்ட தோத்துட்டேன், இனிமே எதுக்கு

*முதல் செக்: கணக்கு.* உங்களை விட 200 பாயின்ட் கம்மியா இருக்கறவர்கூட ஆடினா, ரேட்டிங் கணக்குப்படியே உங்களுக்கு எதிர்பாக்குறது 100க்கு 76 பாயின்ட்தான். மிச்சம் 24 அவருக்கு. அதாவது நாலு ஆட்டத்துல ஒரு பாயின்ட் அவர் எடுக்கறது வழக்கம், அவமானம் இல்ல. 100 பாயின்ட் வித்தியாசம்னா 64க்கு 36.

*ரெண்டாவது செக்: இறங்குனது எவ்ளோ.* 18 வயசுக்குக் கீழ, 2300க்குக் கீழ இருந்தா கிளாசிக்கல்ல (நிறைய டைம் குடுத்து ஆடுற நீண்ட ஆட்டம்) கே ஃபேக்டர், அதாவது ரேட்டிங் எவ்ளோ ஏறி இறங்கும்னு முடிவு பண்ற எண், 40. சமமான ரேட்டிங் உள்ளவர்கிட்ட ஒண்ணு தோத்தா 20 பாயின்ட் போகும், மூணு தோத்தா 60. பெரியவங்களுக்கு பொதுவா 20தான், அதனால ஒரு தோல்விக்கு 10. குழந்தைங்க ரேட்டிங் ஏறி இறங்கறது அந்த ஃபார்முலாவோட குணம், அதை வெச்சு பையன் திறமையை எடை போடாதீங்க. இன்னொண்ணு, 2024 மார்ச்ல ஃபிடே 2000க்குக் கீழ இருந்த எல்லாரோட கிளாசிக்கல் ரேட்டிங்கையும் ஒரே தடவை ஏத்திச்சு, 2000க்கும் அவங்க ரேட்டிங்குக்கும் உள்ள வித்தியாசத்துல 40 சதவீதம், 1200 இருந்தவர் 1520, 1600 இருந்தவர் 1760. அதனால பழைய ரேட்டிங்கோட இப்ப இருக்கறதை ஒப்பிட்டு மனசை உடைச்சுக்கறதுல அர்த்தமே இல்ல.

*மூணாவது: அந்தச் சின்னப் பையன் யாரு.* நம்ம தமிழ்நாட்டுல பத்து வயசுப் பசங்க தினமும் மணிக்கணக்கா பயிற்சி எடுக்குறாங்க, அவங்க பலம் ஏறுற வேகத்துக்கு மாசம் ஒருக்கா வர்ற ரேட்டிங் லிஸ்ட் ஈடு குடுக்காது. 1500னு போட்டிருக்கற பையன் நிஜத்துல 1750 ஆடுவான். பிரக்ஞானந்தா 12 வயசுல கிராண்ட்மாஸ்டர் ஆன மாநிலம் இது. போர்டுக்கு எதிர்ல உக்காந்தா வயசைப் பாக்காதீங்க, மூவைப் பாருங்க.

*இதெல்லாம் புரிஞ்சும் மனசு ஏத்துக்கலன்னா:* 2024 சிங்கப்பூர் உலக சாம்பியன்ஷிப்பை எடுத்துப் பாருங்க. குகேஷ் முதல் ஆட்டமே வெள்ளைக் காய்ல தோத்தார். 3ஆவது ஆட்டத்துல சமன் பண்ணினார். 11ஆவது ஜெயிச்சு முன்ன வந்தார், அடுத்த நாளே 12ஆவதுல நல்லா அடி வாங்கினார். டிசம்பர் 12, கடைசி 14ஆவது ஆட்டத்துல டிராவா முடியப்போற மாதிரி இருந்த பொசிஷன்ல விடாம ஆடிட்டே இருந்தார், எதிர்ல ஆடின அப்போதைய சாம்பியன் டிங் லிரென் ரூக்கைத் தப்பா நகர்த்தினார், 18 வயசுல உலக சாம்பியன். மனசுக்குப் பயிற்சி குடுக்க பேடி அப்டன்ங்கற கோச்சை தனியா வெச்சிருந்தார், அவ்ளோ பெரிய ஆளுக்கே அது தேவைப்பட்டுச்சு. ஆனந்தும் அப்படித்தான், 2013ல சொந்த ஊர் சென்னையில ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காம பட்டத்தை விட்டார், அடுத்த வருஷமே கேண்டிடேட்ஸ் (சாம்பியனோட மோதப்போறவரைத் தேர்ந்தெடுக்கற போட்டி) ஜெயிச்சு திரும்ப வந்தார், 2017ல 48 வயசுல உலக ரேபிட் சாம்பியன்.

அறிகுறி 8: போர்டை எடுக்கவே புடிக்கல

*ஒரே ஆள்கிட்ட திரும்பத் திரும்ப தோக்குறீங்களா?* மலை ஊர்கள்ல ஆடுற ஆளுங்க கம்மி, வாரா வாரம் அதே ரெண்டு பேருதான். அவங்கள்ல ஒருத்தர் பலசாலின்னா உலகத்துலயே நாமதான் மோசம்னு தோணிடும். ஊட்டி, கோத்தகிரின்னு வேற ஊர் ஆளுங்களைக் கூப்பிட்டு ஆடுங்க, இல்ல ஆன்லைன்ல உங்க லெவல்ல நிதான ஆட்டம் ஆடுங்க.

*தொடர்ந்து டோர்னமென்ட்டா?* ரெண்டு வாரம் ரேட்டட் ஆட்டம் எதுவும் வேண்டாம். சுலபமான பஸில் மட்டும் போடுங்க, புடிச்ச ஒரு பழைய ஆட்டத்தை போர்டுல கையால ஆடிப் பாருங்க. ஆசை திரும்ப வந்தா அது வெறும் களைப்பு.

*ரெண்டு வாரம் கழிச்சும் வரல:* இப்ப ஒரு முக்கியமான கேள்வி. செஸ் மட்டும்தான் புடிக்கலையா, இல்ல சாப்பாடு, ஃப்ரெண்ட்ஸ், கிரிக்கெட், எதுவுமே புடிக்கலையா? செஸ் மட்டும்னா தாராளமா ஆறு மாசம் விடுங்க, வேற ஏதாவது செய்யுங்க, ஒண்ணும் குடி முழுகிடாது. எதுவுமே புடிக்கலன்னா அடுத்த தலைப்பை இன்னிக்கே படிங்க.

எப்ப கோச், எப்ப டாக்டர்

*கோச்:* டைம் எழுதின 20 ஸ்கோர்ஷீட் சேத்து வெச்சும் ஒரே அறிகுறி மாறாம இருந்தா. 1, 2, 3 இந்த மூணுக்கும் நல்ல கோச் நிஜமாவே பலன் குடுப்பாங்க. மலையில நேர்ல கிடைக்கறது கஷ்டம், ஆன்லைன்ல எடுத்தாலும் போதும். முதல் வகுப்புலயே அந்த ஸ்கோர்ஷீட்டை எல்லாம் அனுப்புங்க, அதைப் பாக்காம நேரா ஓப்பனிங் ஃபைல் அனுப்புற கோச்சா இருந்தா வேற ஆளைப் பாருங்க. தூக்கம், அழுகை, வெறுப்பு இதுக்கெல்லாம் கோச்சை மாத்தி மாத்திப் பாத்து காசை விடாதீங்க, அது அவங்க வேலையே இல்ல.

*டாக்டர்:* ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமோ சாப்பாடோ கெட்டுப் போச்சுன்னா, ஆட்டத்துக்கு முன்னாடி நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கறது திரும்பத் திரும்ப வந்தா, குழந்தை பள்ளிக்கூடம் போக மாட்டேன்னு அடம் புடிச்சா, தன்னைத்தானே அடிச்சுக்கிட்டா. "நான் இருந்து என்ன பிரயோஜனம்"ங்கற மாதிரி ஒரு வார்த்தை வந்துட்டா ரெண்டு வாரமெல்லாம் பாக்காதீங்க, அன்னிக்கே, தனியா விடாம கூட்டிட்டுப் போங்க. 2023ல உலக சாம்பியன் ஆன டிங் லிரென், அப்புறம் மனச்சோர்வால அவதிப்பட்டதை வெளிப்படையாவே பேசினார், ஆட்டத்துல இருந்து விலகி ரெஸ்ட் எடுத்தார். இதை மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ், மத்திய அரசோட இலவச மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் இருக்கு, தமிழ்ல பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்துல அரசு ஆஸ்பத்திரியிலயே மனநல டாக்டரைப் பாக்கலாம், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா எந்த நாள்ல வர்றாங்கன்னு சொல்லுவாங்க. போறப்ப எப்ப ஆரம்பிச்சுது, ராத்திரி எவ்ளோ மணி நேரம் தூக்கம், சாப்பாடு எப்படி, செஸ் இல்லாத நாள்லயும் இருக்கா, இந்த நாலையும் ஒரு சீட்டுல எழுதி எடுத்துட்டுப் போங்க, டாக்டருக்கு முன்னாடி உக்காந்ததும் பாதி மறந்துடும். செஸ்ஸை விடணுமா வேண்டாமாங்கறதையும் அங்கயே கேளுங்க, வீட்ல நீங்களா முடிவு பண்ணி போர்டை எடுத்து மறைச்சு வெக்காதீங்க. அடுத்த வாரம் டோர்னமென்ட்டுக்கு எண்ட்ரி ஃபீஸ் கட்டியிருந்தாலும் பரவால்ல, அந்தக் காசு போகட்டும், டாக்டர் சொன்ன தேதிக்குப் போங்க.